நூற்றெழுபது மீட்டர் சரளைப் பாதை

ஐப்பசி பிறந்து பதினோரு நாளில், யோகராஜ் தன் வீட்டுப் பாதையில் கொட்டிய நாலாவது லோடு கிராவலும் மலையிறங்கிப் போய்விட்டது.

ரொம்ப தூரமெல்லாம் போகவில்லை. பாதை போய் முட்டுகிற ஜீப் ரோட்டின் பள்ளங்களில் சுகமாகப் படுத்துக்கொண்டது. குரங்கணிக்கு மேலே அந்த ரோட்டில் ஜீப் ஓட்டுகிற உக்கிரபாண்டி, வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து மேலே வந்து, வாசலில் நின்ற யோகராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஓவர்சியர் அண்ணே, எத்தன வருசமா மனு குடுத்தும் நடக்காத சோலி. ஒங்க புண்ணியத்துல எங்க ரோட்டுக் குழியெல்லாம் நெரம்பிருச்சு."

"வண்டிய மேல கொண்டாப்பா. மணியாகுது."

"எங்கிட்டு கொண்டாறது? ரோட்டத்தான் எங்களுக்குக் குடுத்துட்டீங்களே. ஒங்களுக்கு மிச்சம் ஓடைதான?"

யோகராஜ் பாதையைப் பார்த்தார். நூற்றெழுபது மீட்டர். நடுவில் ஓர் ஆள் முழங்கால் வரை இறங்கி நிற்கிற அளவுக்கு நீளமாக ஒரு பள்ளம். பள்ளத்தில் பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல், மழை விட்டு நாலு மணி நேரம் ஆன பிறகும், தண்ணீர் தன் சொந்த வீட்டில் நடமாடுவது போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

சாலை வேலையில் ஓவர்சியராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர் அவர். ரிடையராகி, போடியில் இருந்த வீட்டை விற்று, மூன்று ஏக்கர் ஏலத்தோட்டமும் அதற்குள் ஒரு வீடுமாக மலையேறினார். சரிவில் வீடு கட்டுவது எப்படி, ரோடு போடுவது எப்படி என்று இந்த மலைக்காரர்களுக்கு ஒரு பாடம் காட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டுதான் ஏறினார். பாடத்தை எல்லோரும் இப்போது தினமும் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அவர் மனைவி மகாராணிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் தேனி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பதினோரு மணிக்கு மெஷினில் இருக்கவேண்டும். அதற்கு ஜீப் வாசலுக்கு வரவேண்டும். ஜீப் வாசலுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது.

அன்றைக்கும் மகாராணி நடந்தே இறங்கினாள். ஒரு கை புருஷன் தோளில், இன்னொரு கை உக்கிரபாண்டியின் முழங்கையில். பாதி வழியில் உருண்டைக் கல் ஒன்று காலுக்கடியில் புரண்டது. யோகராஜ் பிடிப்பதற்குள் பள்ளத்துக்குள் உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்தது. ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடது கையை மட்டும் தண்ணீர் படாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரோடு போட்ட லட்சணத்த இன்னிக்கித்தான் நிம்மதியா உக்காந்து பாக்க முடிஞ்சது" என்றாள்.

சிரிக்கலாமா என்று உக்கிரபாண்டி யோகராஜின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்தான்.

சாயந்திரம் ராசிங்காபுரத்திலிருந்து போன் வந்தது. மகாராணியின் அண்ணன் ஜக்கையன். தோப்பும் கிணறுமாக விவசாயம் பார்த்து நிமிர்ந்து வாழ்கிற சம்சாரி. கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும்.

"மாப்ளே, கீழ விழுந்துச்சாமே."

"சின்ன வழுக்கல் மச்சான். நான் இப்ப ஒரு புது முறையில…"

"அஞ்சு வருசமா ஒங்க மொறையத்தான் பாத்துக்கிட்டிருக்கோம். வர்ற செவ்வாக்கெழம நான் வருவேன். ஜீப்பு வாசல்ல வந்து நின்னா, காப்பியக் குடிச்சிட்டு நான் பாட்டுக்குத் திரும்பிருவேன். நிக்கலேன்னா தங்கச்சிய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கருந்து தேனி பக்கம். ஒரு ஆட்டோ போதும்."

"கூட்டிட்டுப் போயி?"

"போயி என்ன? இருக்கும்."

மகாராணி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். போனில் பேசியது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். 'நான் எங்கயும் வரல' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று யோகராஜ் போனைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். போனால் திரும்ப ஏறமாட்டாள் என்பது அவருக்கு அப்போது தெரிந்துபோனது.

செவ்வாய்க்கு நாலு நாள் இருந்தது.

இந்தப் பாதைக்கு அவர் செய்யாத வைத்தியம் கிடையாது. முதல் வருஷம் நடுவை உயர்த்தி, இரண்டு பக்கமும் சாய்த்துப் போட்டார். தண்ணீர் நடுவையே கிழித்துக்கொண்டு இறங்கியது. அடுத்த வருஷம் ஓரமாக வாய்க்கால் வெட்டி, கல் பாவினார். ஒரே மழையில் வாய்க்கால் மண்ணால் நிரம்பி, பாதை வாய்க்காலாகிவிட்டது. அப்புறம் குறுக்கே சிமெண்டுக் குழாய் புதைத்தார். ஏலச்சருகு வந்து குழாயின் வாயை அடைத்தது. தண்ணீர் குழாயின் முதுகில் ஏறி நடந்தது. ஒவ்வொன்றையும் ஒரு நீல அட்டை நோட்டில், 'வடிகால் சீரமைப்பு, நிலை மூன்று, பிரிவு ஆ' என்று தலைப்புப் போட்டு, ஸ்கேலால் படம் வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். மேலதிகாரி யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் 'பார்வையிட்டேன்' என்று எழுதுவதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் இடம் விட்டிருந்தார்.

அந்த நோட்டில் வராத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது வீட்டுக்கு மேலே, கூப்பிடு தூரத்தில், மஞ்சள் பெயிண்ட் அடித்து நின்றது.

அந்த இடத்தில் முன்பு ஓர் ஓடை இருந்தது. மலைமேலிருந்து வருகிற மழைத்தண்ணீர் அத்தனையும் அதில் இறங்கி, வீட்டையும் பாதையையும் தொடாமல், வலப்பக்கம் பள்ளத்துக் காட்டுக்குள் போய்விடும். ஓடைக்கு நடுவில் ஏழு கல். கன்னிமார். யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும். வெயில்காலத்தில் தோட்ட வேலைக்கு வருகிற பெண்கள் ஆளுக்கொரு செம்பு ஊற்றிவிட்டுப் போவார்கள்.

வீடு கட்டின கையோடு யோகராஜ் அதைப் பார்த்தார். மனசு பொறுக்கவில்லை.

"சாமிய இப்பிடி ஓடையில நனையவிட்டா குடும்பம் வெளங்குமாய்யா?" என்று தவசியிடம் கேட்டார். தவசி அவருடைய தோட்டத்து ஆள். கொத்து வேலையும் தெரியும். பூப்பாறைப் பக்கம் மலையாளத்தான் தோட்டத்தில் இருபது வருஷம் கிடந்துவிட்டு வந்தவன்.

"அது தண்ணியில நிக்கிற சாமிங்கய்யா. கன்னிமாருக்குக் குளிக்கிறதுதான் சோலியே."

"நீ பேசாம இரு. நான் முப்பத்தொரு வருசம் சர்வீஸ்."

ஓடையை அடைத்து எட்டடிக்கு எட்டடி மேடை எழும்பியது. மூன்றடி உயரம். மேலே டைல்ஸ், தகரக் கூரை, கம்பிக் கதவு. ஏழு கல்லையும் கழுவித் துடைத்து மேடைமேல் வரிசையாக நட்டார்கள். கும்பாபிஷேகத்துக்கு போடியிலிருந்து மைக்செட் வந்தது. இருநூறு இலை விழுந்தது. எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு பளிங்குக் கல்: 'நீரில் நனைந்து வாடிய அருள்மிகு சப்த கன்னியர்க்கு மேடையும் கூரையும் அமைத்து உபயம் செய்தவர் பொறியாளர் இரா. யோகராஜ்.' ஓவர்சியர் எப்போது பொறியாளர் ஆனார் என்று கேட்கிற ஆள் அந்த மலையில் இல்லை. மகாராணி ஒருத்திதான் கேட்டாள். கல் வெட்டுகிறவன் தப்பாக வெட்டிவிட்டான் என்றார்.

அந்த வருஷ ஐப்பசியில் தண்ணீர் வந்தது. மேடையில் முட்டியது. அப்படியே இடப்பக்கம் திரும்பிப் பாதைக்குள் இறங்கியது.

முப்பத்தொரு வருஷ சர்வீஸ் உள்ள கண்ணுக்கு அது தெரியாமலா இருக்கும்? முதல் நாளே தெரிந்தது. ஆனால் தெரிந்த மறுநிமிஷமே அவர் பாதையின் சாய்மானத்தை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அஞ்சு வருஷமாக அளந்துகொண்டே இருக்கிறார்.

சனிக்கிழமை காலையில் தவசியைக் கூப்பிட்டு, குறுக்கே மூன்று மேடு போடலாம் என்று புதுத் திட்டம் சொன்னார். தவசி கேட்டுக்கொண்டே நின்றான். கண் மட்டும் மேலே மஞ்சள் மேடைக்குப் போய்ப் போய் வந்தது.

"அங்க என்னய்யா பாக்குற?"

"ஒண்ணுமில்லங்கய்யா. சாமி கும்பிட்டேன்."

"நான் ரோட்டப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

"அதுக்குத்தான் கும்பிட்டேன்."

உள்ளேயிருந்து மகாராணியின் குரல் வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, தனக்கென்று அளந்து வைத்த அரை டம்ளர் தண்ணீரை சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஒரு வேளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே ஒரு மலையின் தண்ணீர் முழுக்க வீட்டு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, அத ஒடச்சிருங்க."

"எத?"

"நீங்க கட்டுனத."

அவர் சட்டென்று கோபப்பட்டார். சாமி குத்தம் என்றார். இருநூறு பேர் சாப்பிட்ட இடம் என்றார். உனக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் கை வைக்கலாமா என்றார்.

"எனக்கு ஒடம்பு கெட்டது அதக் கட்டுனதுக்கு அப்புறந்தான்" என்றாள் மகாராணி. குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேடையை இடிக்க ஆள் தேடினார். முதலில் தவசி.

"கட்டச் சொன்னீங்க, கட்டுனேன். இடிக்க வேற ஆளப் பாருங்கய்யா. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

குரங்கணிக்கு இறங்கி நாலு பேரிடம் கேட்டார். கோயில் என்ற வார்த்தையைத் தவிர்த்து, "ஒரு பழைய மேடை" என்று சொல்லிப் பார்த்தார். நாலு பேரும் அந்தக் கும்பாபிஷேகத்தில் சாப்பிட்டவர்கள். "வடை நல்லாருந்துச்சுங்கய்யா" என்றான் ஒருத்தன், மரியாதையாக எழுந்து நின்று. கடைசியில் பூசாரியிடம் போனார்.

"எடுக்கலாம், தப்பில்ல" என்றார் பூசாரி. "சாமிகிட்ட உத்தரவு கேக்கணும். ஐப்பசி கார்த்திகையில ஆகாது. தை பொறக்கட்டும்."

"தை வரைக்கும் எம் வீட்டுக்காரி…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பூசாரி விபூதியை நீட்டினார்.

திங்கட்கிழமை விடிந்ததும் யோகராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையை எடுத்தார். சர்வீஸில் ஆயிரம் பேர் கையில் கடப்பாரையைப் பார்த்திருக்கிறார். தானே பிடித்தது அன்றைக்குத்தான். முதல் குத்தில் டைல்ஸ் தெறித்தது. இரண்டாவது குத்தில் கடப்பாரை தெறித்தது.

அங்கேதான் இன்னொரு விஷயம் அவருக்கு உறைத்தது. அவர் மேற்பார்வையில் நடந்த வேலைகள் எத்தனையோ. சிமெண்டு சட்டி கணக்காக மிச்சமாகி, எங்கெங்கோ போய்ச் சேர்ந்த வேலைகள் எல்லாம் அதில் உண்டு. வாழ்நாளில் ஒரு சட்டிகூடக் குறையாமல், பக்கத்திலேயே குடை பிடித்து நின்று, ஒழுங்காகப் போட வைத்த கான்கிரீட் இது ஒன்றுதான். சாமிக்காச்சே என்று செய்தது. அது அசையமாட்டேன் என்றது.

ஒன்பது மணிக்குத் தவசி வந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஏழு கல்லையும் ஒவ்வொன்றாக அசைத்தெடுத்து, தலைத்துண்டில் ஏந்திக்கொண்டு போய், மரத்தடியில் வைத்தான். அதை வைத்த பிறகு அவன் மறுபடியும் மேடைப் பக்கம் வரவில்லை. மரத்தடியிலேயே குத்தவைத்துக்கொண்டு, "இடதுபக்கம் மூலையில குத்துங்கய்யா, அங்கதான் கம்பி கம்மி" என்று யோசனை மட்டும் சொன்னான்.

பளிங்குக் கல் மத்தியானம் விழுந்தது. மூன்று துண்டு. யோகராஜ் அதை நின்று பார்க்கவில்லை. உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து, கடப்பாரையில் ஒட்டியது. மகாராணி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருமுறை, "சாப்ட்டுட்டு இடிங்க" என்றாள். நாலு மணிக்கு, மேடையின் நடுவில் மூன்று முழ அகலத்துக்கு வாய் திறந்தது. அந்தப் பக்கம் பழைய ஓடையின் மணல் தெரிந்தது.

தவசி ஏழு கல்லையும் திரும்பக் கொண்டுவந்து, திறந்த வாய்க்குக் கொஞ்சம் கீழே ஓடை மணலில் நட்டான். யோகராஜ் பாதைப் பக்கம் தண்ணீர் திரும்பாதபடி மண்மூட்டை பன்னிரண்டு அடுக்கினார். முதுகை நிமிர்த்தி நின்றபோது அவர் முகத்தில் பழைய ஓவர்சியர் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி எப்பவும் பழைய பாதைக்குத்தான்யா போகும்" என்றார்.

தவசி ஓடை மணலைக் காலால் ஒருமுறை கிளறிப் பார்த்தான்.

இருட்டுவதற்கு முன்பே மழை பிடித்தது. கொழுக்குமலைப் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் இறங்கி, பத்து நிமிஷத்தில் தோட்டம் தெரியாமல் கொட்டியது. மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மகாராணிகூட எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் வந்தது. இடிந்த மேடையின் வாயில் நுழைந்தது. கன்னிமார் காலைத் தொட்டது. முதல் கல் நனைந்தது, இரண்டாவது கல் நனைந்தது. யோகராஜ் தன்னையறியாமல் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"போகுது" என்றார். "மகா, பாரு, போகுது."

போனது ஒரு விரற்கடை. அதற்கு மேல் போகவில்லை. அஞ்சு வருஷம் தண்ணீர் போகாத பழைய ஓடையில் மண் மேடிட்டுக் கிடந்தது. அஞ்சு வருஷம் தண்ணீர் குடைந்த பாதையோ அதைவிட இரண்டு முழம் ஆழமாகக் கிடந்தது. எது தாழ்வு என்று தண்ணீருக்குத் தெரியும். அதற்கு சர்வீஸ் தேவையில்லை. மூட்டைகளைச் சும்மா ஒரு தட்டுத் தட்டியது. பன்னிரண்டு மூட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. மொத்தத் தண்ணீரும் பாதைக்குள் திரும்பி, நேற்றைவிட அகலமாக, மேடையின் செங்கல்லையும் உருட்டிக்கொண்டு ஜீப் ரோட்டைப் பார்க்கப் போனது.

யோகராஜ் மம்பட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார். ஓடை மணலை வெட்டினார். வெட்டிய குழியில் வெட்டிய மண்ணே திரும்ப வந்து உட்கார்ந்தது. காலி மூட்டையில் சேற்றை அள்ளி அடைத்தார். அடைத்ததை வைத்தார். போனது. இன்னொன்றை அடைத்தார்.

தவசி பின்னால் வந்து அவர் கையைப் பிடித்தான். பதறினால் அவன் வாயில் பழைய தோட்டத்து மலையாளம்தான் வரும்.

"மதி சார்" என்றான். "மதி. போதும், வாங்க."

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு ஜக்கையன் வந்தார். ஜீப் கீழேயே நின்றது. நடந்து ஏறி வந்தவர் இடிந்த மேடையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் துணி சுற்றிய கையைப் பார்த்தார். நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நீங்களும் வாங்க மாப்ளே" என்றார்.

"ஏலக்கா எடுப்பு இருக்கு மச்சான்."

காய் பாதிக்கு மேல் மழையில் அழுகிப் போயிருந்தது. ஜக்கையனும் சம்சாரிதான். வரும் வழியில் அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

நடந்து இறங்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மகாராணியை உட்கார வைத்து, இரண்டு மூங்கிலைக் குறுக்கே கட்டினார்கள். முன்னால் உக்கிரபாண்டியும் தவசியும். பின்னால் ஜக்கையனும் யோகராஜும்.

"இந்த ஒரு தடவதான்" என்றாள் மகாராணி. "வாரத்துக்கு ரெண்டு தடவ பொணத்தத் தூக்குற மாதிரி தூக்க, நான் ஒத்துக்கிற மாட்டேன்."

"மகாராணின்னு பேரு வச்சுட்டு பல்லக்கு வேணாம்னா எப்பிடிக்கா?" என்றான் உக்கிரபாண்டி.

"பல்லக்குத் தூக்கிக கால்ல செருப்பே இல்ல, பாத்து நட."

வாசலை விட்டு இறங்கும்போது அவள் கழுத்தைத் திருப்பி மேலே ஏழு கல்லையும் பார்த்தாள். ஓரமாகக் கசிந்த தண்ணீரில் அடி நனைந்து நின்றன. ஏதோ சொல்லப் போகிறாள் என்று யோகராஜ் எட்டிப் பார்த்தார். அவள் முன்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் மடியில் ஒரு பை இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற சின்னப் பை இல்லை. பொங்கலுக்கு எடுத்த பட்டுச்சேலையின் ஓரம் ஜிப்பில் சிக்கி வெளியே தெரிந்தது. நூற்றெழுபது மீட்டரும் அவர் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இறங்கினார்.

ஜீப்பின் முன் சீட்டில் அவளை ஏற்றினார்கள். வண்டி கிளம்புமுன் அவள் அவரைக் கூப்பிட்டாள்.

"கடப்பாரைய மழையில போட்டுறாதீங்க. துருப்பிடிச்சிரும்."

"சரி."

"அந்தக் கைக்கு மருந்து அலமாரியில இருக்கு. ரெண்டாவது தட்டு."

"வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்கி வர்றேன்" என்றார்.

"வாங்க" என்றாள். எங்கிருந்தோ வருகிற விருந்தாளியிடம் சொல்வது போல இருந்தது.

அவர் போட்ட நாலு லோடு கிராவலின் மேல் குலுங்காமல், வழுக்காமல், ஜீப் அருமையாகப் போனது.

தவசி ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு குரங்கணிக்குப் போய்விட்டான். யோகராஜ் மூங்கிலை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். பாதி தூரம்கூட ஏற முடியவில்லை. மூச்சு வாங்கியது. கை எரிந்தது. உட்கார வேறு இடமில்லாததால், பள்ளத்தின் நடுவிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாலு காலும் சரளையில் மெல்லப் புதைந்து நின்றன. மேலே எங்கோ மறுபடியும் மழை போலிருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து அவருடைய கணுக்காலில் முட்டி, இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்து, கீழே போய்க்கொண்டிருந்தது.